முன்பாரில் தங்கச்சி

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கு ஓகஸ்ட் விடுமுறை. காலையில் உப்புக்குளம் பக்கம் சைக்கிளில் போனபோது, ஒருவர் மகளைத் தன் சைக்கிளின் முன்பாரில் இருத்திக்கொண்டு என்னைக் கடந்து போனார். இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா என் தங்கச்சியை அப்படித்தான் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். "என்னையும் ஏத்துங்கோவன் அப்பா" என்று கெஞ்சினால், "நீ வளந்திட்டாய் பிள்ளை" என்பார். ஆத்திரத்தில், அவர் மத்தியானம் படுக்கும் நேரம் சைக்கிளை எடுத்து, முழங்கால் உரிய உரிய நானே ஓடப் பழகினேன். ஒருநாள் கண்டுவிட்டார். ஏசுவார் என்று நின்றேன். "கெட்டிக்காரி! இனி உன்னை ஆரும் ஏத்தத் தேவையில்லை" என்று சிரித்தார். நான் அழுதேன்.

வீடு திரும்பி, அப்பாவை அவருக்கு மருந்தெடுக்கக் கிளினிக்குக்கு ஏற்றிப்போனேன். நேற்றுத் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருந்தது. பின்கரியரில் இருந்தபடி, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் "என்ர சின்னவளுக்குப் பொம்பிளைப் பிள்ளை!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் நான் பெடலை உழக்கினேன்.