மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்ச்

அமெரிக்கப் புறநகரான கேட்டியில் சொந்த வீடு, கைநிறைய வேலை, வாய் அதிகம் பேசாத புருஷன். யார் என்ன கார் வாங்கினாலும் ப்ரியம்வதா பொறாமைப்பட்டதில்லை. ஆனால் ஆறு வயது மகள் ஸ்ம்ருதி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, எதிரே நின்ற அம்மாவைத் தாண்டி ஓடி, பக்கத்து வீட்டு நெரிஸிடம் "குட்ச்!" என்று கை நீட்டினாளே, அன்றைக்குப் பற்றிக்கொண்டது வயிறு.

நெரிஸ் வேல்ஸ்காரி, தனிக்கட்டை. ப்ரியம்வதா ஃப்ரீவேயில் ஊர்ந்து வந்து சேரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். குறை சொல்ல ஒன்றும் கிடையாது, எரிச்சலே அதுதான்.

"அது என்னடி குட்ச்?"

"ஹக் மாதிரிம்மா. பட் பெட்டர்."

பெட்டராம்! மறுநாள் ஆபீஸில் வேலையைப் போட்டுவிட்டு அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினாள். வேல்ஸில் கட்டி அணைப்பதற்கும் அதுதான் பேர், மாடிப்படிக்கு அடியில் சாமான் அடைக்கும் பொந்துக்கும் அதுதான் பேர். பிரெஞ்சிலிருந்து இடைக்கால ஆங்கிலம் வழியாக வந்ததாம். படுத்துக்கொள்ளும் இடம் என்று அர்த்தமாம். ஆகா, இரவல் சொல்! சாயங்காலமே போய் நெரிஸிடம் அதைப் போட்டு உடைத்தாள்.

"எங்கே பிறந்தால் என்ன, இப்போது எங்களிடம்தானே இருக்கிறது" என்று சிரித்தாள் நெரிஸ். மகளைச் சொன்னது போலவே இருந்தது ப்ரியம்வதாவுக்கு.

மே மாதத்தில் ஒரு மாலை, புருஷன் ஊரில் இல்லாத நேரம், போன் அலறியது. டொர்னேடோ வார்னிங். அந்தப் பக்கத்து வீடுகளில் நிலவறை கிடையாது; மாடிப்படிக்கு அடியில்தான் புகுந்துகொள்ள வேண்டும். இவள் வீட்டில் அங்கே கொலுப் பொம்மைகளும் அரிசி மூட்டைகளும் குடியிருந்தன. எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டாள். தசாவதாரத்தில் எது உடைந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. ஸ்ம்ருதியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தப் போனாள்.

"அம்மா, நெரிஸ் ஆன்ட்டி வீட்ல ஸ்டேர்ஸே இல்லியே."

இப்போதுமா அவள் பேச்சு? பல்லைக் கடித்துக்கொண்டு போன் பண்ணினாள்.

நனைந்துகொண்டே ஓடிவந்தாள் நெரிஸ். மூன்று பேருக்கும் முழங்கால் இடித்தது. வெளியே காற்று வேலிப் பலகைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நெரிஸ் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஷி இஸ் ஸ்கேர்ட், அம்மா. நீ குட்ச் குடு."

வேண்டாவெறுப்பாகத்தான் கையைப் போட்டாள். நெரிஸ் அவளைச் சேர்த்து அணைத்து, முதுகில் மெல்லத் தட்டினாள். ப்ரியம்வதாவின் தலை தானாக அந்த ஈரத் தோளில் சாய்ந்தது. இப்படி அணைத்தால் எந்தக் குழந்தைதான் ஓடாது?

அதை நினைத்ததும் வயிறு இன்னும் எரிந்தது. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.