பூப் பறிக்கக் கூடாத குளம்

ஆகாயத்தாமரையைக் கரையில் இழுத்துப் போட்டால் முதல் நாள் நாறாது. மறுநாள் வெயில் ஏறியதும் வேரில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சேறு புளித்து, செத்த எலியும் அழுகிய முட்டைக்கோசும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை கிளம்பும். அந்த வாடையை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இன்றைக்கும் எனக்குக் குமட்டுவது ஊதா நிறத்தில் அது பூக்கும் பூவைப் பார்த்தால்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகும் சாலையில் இருந்த பெண்கள் பள்ளி ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியை. பள்ளியின் பின்வேலியை ஒட்டி ஒரு குளம். குளம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கரைக்குக் கரை ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தது. பாடப் புத்தகத்தில் படம் போட்டிருந்த நீர்ப்பறவைகளில் ஒன்றைக்கூட எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு அங்கே காட்ட முடியவில்லை. சுத்தம் செய்தால் வருமா என்று கேட்டார்கள். வரும் என்று சொல்லிவிட்டேன்.

நீண்ட மூங்கில் ஒன்றின் இரு முனையிலும் கயிறு கட்டி, எதிரெதிர்க் கரைகளில் நின்று இழுத்துவருவோம். மூங்கில் செடிகளைத் தள்ளிக்கொண்டு படித்துறைக்கு வரும். அங்கே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பவர்கள் அதை வாரிக் கரையேற்றுவார்கள். ஒரு துண்டு தங்கினாலும் அது மறுபடி பரவும் என்பதால், மிதக்கும் துணுக்குகளைக் கூடையால் அரித்தெடுக்கச் சொன்னேன். அட்டை கடித்தால் வைக்கச் சுண்ணாம்பு டப்பாவோடு மேல்படியில் நான்.

"ஏய், உன் சடையை எடுத்து மேலே போடுடி. வேருன்னு நினைச்சு இழுத்துட்டேன்."

"இழுத்தவரைக்கும் நீயே பின்னி விடணும், தெரிஞ்சுக்கோ."

ஆடி பிறப்பதற்குள் தண்ணீர் தெரிந்தது. பெண்கள் எங்கிருந்தோ அல்லிக் கிழங்குகள் கொண்டுவந்து, செங்கல் துண்டில் கட்டிச் சேற்றில் இறக்கினார்கள். ஒரு காலை, "டீச்சர், வாத்துக்குஞ்சு முழுகிப்போச்சு, ஓடி வாங்க!" என்று அலறல். போய்ப் பார்த்தால் முக்குளிப்பான். முழுகிய இடம் ஒன்று, எழுந்த இடம் வேறு. சில நாளில் ஜோடியாக வந்து, கோரைப்புல் ஓரம் தழைகளைச் சேர்க்கத் தொடங்கின. கூடு கட்டுகின்றன என்றேன். அதன்பின் குளத்துப் பக்கம் யாரும் உரக்கப் பேசவில்லை. குஞ்சு எப்போது வரும் என்பதுதான் வகுப்பின் ஒரே கேள்வி.

எடுத்த செடியெல்லாம் கரையில் குவிந்திருந்தது. எருவுக்காக எடுத்துக்கொள்வதாக வாழைத்தோட்டக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். வண்டி வருவது திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை வனமகோத்சவம். மரக்கன்று நட திருச்சியிலிருந்து அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. வெள்ளி மாலை தலைமை ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன டீச்சர், இப்படி நாத்தம் அடிக்கறது? பெரியவா வரச்சே இதையா காட்டறது?"

"வண்டிக்குச் சொல்லியிருக்கேங்க. முடிஞ்சா நாளைக் காலைலயே வரச்சொல்றேன்."

அன்றே தோட்டக்காரர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். விடிந்ததும் மாட்டுவண்டியோடு வந்து சேர்ந்தேன். கரை பெருக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்புப் பொடியில் நேர்கோடு போட்டிருந்தார்கள். குவியலைக் காணோம். முழுவதும் குளத்தில் கிடந்தது; கோரைப்புல் ஓரம், அந்தக் கூட்டின் மேலேயே.

பள்ளி ஆயா துடைப்பத்தோடு நின்றாள். "பெரிய டீச்சர்தாம்மா சொன்னாங்க. தண்ணியிலேருந்துதானே வந்துச்சு, தண்ணியிலேயே தள்ளிடுன்னாங்க."

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதிகாரி அன்று வரவேயில்லை. விழா இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் மறுபடி இழுத்துவிடலாம் என்று பெண்கள் கயிற்றோடு வந்து நின்றார்கள். கரையில் கோலாட்ட ஒத்திகை நடக்கிறது, யாரும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டக்கூடாது என்று தலைமை ஆசிரியை தடுத்துவிட்டார். ஆகாயத்தாமரைக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. அது பரவியது, பூத்தது.

அதிகாரி வந்தார். கன்று நட்டார், கை கழுவினார். குளத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடடா! ஒரே பூவா இருக்கே! பிள்ளைங்க வளர்த்ததா?"

"ஆமா சார். எட்டாம் கிளாஸ் பொண்கள். தண்ணியிலே இறங்கி ரொம்பக் கஷ்டப்பட்டா" என்றார் தலைமை ஆசிரியை, கூசாமல்.

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சார், இது களை. பிள்ளைங்க எடுத்துப் போட்டதே இதைத்தான்" என்றேன்.

"டீச்சருக்கு ரசனை கொஞ்சம் கம்மி போலிருக்கு" என்றார் அவர். மேடையில் சிரித்தார்கள். பிறகு, "இதை யாரும் பறிக்காம பாத்துக்கணும், என்ன?" என்று பெண்களிடம் சொன்னார். கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் நின்று, சேற்றுப்புண் ஆறாத கால்களோடு தட்டினார்கள்.

அடுத்த வாரம் ஓவிய ஆசிரியர் பலகை எழுதிக் குளக்கரையில் நட்டார்: 'மாணவியர் மலர்க்குளம். பூப் பறிக்கக் கூடாது.' எழுத்து அழகாகவே இருந்தது. வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நான் இரண்டு முறை மனுக் கொடுத்தேன். அதிகாரி பாராட்டியதைப் பிடுங்குவதா என்று பதில் வந்தது. முக்குளிப்பான்கள் அதன்பின் கண்ணில் படவில்லை. எங்கே போயின என்று பெண்கள் கேட்கவில்லை. என் பாட வேளையில் அவர்கள் எதையுமே கேட்பதை நிறுத்தியிருந்தார்கள்.

மறு வருஷம் புதிய எட்டாம் வகுப்பு வந்தது. ஒருத்தி பலகையைப் படித்துவிட்டு, "பூவுக்குக் கீழே என்ன இருக்கு டீச்சர்?" என்றாள்.

"தண்ணி" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஒரு கல்லை எடுத்து வீசினாள். கல் இலைகளின் மேல் விழுந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது.