புளி போட்டுத் துலக்கிய தாழி

மண்ணுக்கடியில் பழம்பொருள் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் பார்வையிடும் வரை அது கிடந்தபடியே கிடக்க வேண்டும். வருவாய்த் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற எனக்கு இது தூக்கத்திலும் தெரியும்.

பங்குனியில், எங்கள் திண்டிவனத்தை அடுத்த வல்லத்துக்குப் பக்கத்தில் என் மைத்துனன் தன் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டியபோது ஒரு முதுமக்கள் தாழி தென்பட்டது. இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய பானை. விளிம்புகூட உடையாமல், உள்ளே மண் நிரம்பி நின்றது.

"கை வெக்காத மாப்ள. எந்தக் காலம், இன்னா தின்னாங்க, எல்லாம் உள்ள இருக்கிற மண்ணுலதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம் திரும்பி, அன்றே விழுப்புரம் கலெக்டருக்கு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பணியில் இருந்தபோது ஓர் அகழாய்வுக்கு நிலம் அளந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். சினிமாவில் வருவதுபோல் யாரும் சுரங்கத்தில் ஓடவில்லை. பாம்பும் காவல் இருக்கவில்லை. நூல் கட்டிய குழிக்குள் குந்திக்கொண்டு மண்ணைச் சுரண்டிச் சலித்தார்கள். கருகிய தானியம் ஒன்று கிடைத்ததற்கு டீயோடு வடையும் வாங்கிக் கொண்டாடினார்கள். இதை யார் படம் எடுப்பார்கள்?

கலெக்டர் அலுவலகத்தை யூடியூப்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். 'தங்கப் புதையல், அதிகாரிகள் அதிர்ச்சி' என்று தலைப்பு. அதிர்ச்சியடைய ஓர் அதிகாரியாவது வந்திருக்க வேண்டாமா? பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். தாழி வேப்பமரத்தடியில், சந்தனம் குங்குமம் வைத்து, மாலையோடு பளிச்சென்று நின்றது.

"இன்னா மாப்ள இது?"

"கேமராவுக்கு அழுக்கா தெரியுதுன்னாரு மாமா. உங்க தங்கச்சிதான் புளி போட்டுத் தேய்ச்சா."

"உள்ள இருந்த மண்ணு?"

"தங்கம் இருக்குதான்னு கிளறிப் பாத்தோம். வெறும் மண்ணுதான். எலும்போட சேத்து ஏரில கரைச்சிட்டோம். ஊட்ல வெச்சிக்கினு இருந்தா தோஷமாமே."

அவன் மனைவி சமையலறையிலிருந்தே கேட்டாள்: "பானைய கழுவினதுக்கா இம்மாம் பேஜாரு பண்றீங்க அண்ணே? உங்க கவர்மெண்டு வந்து கழுவிக் குடுக்குமா?"

வீட்டுக்கு வந்து, நடந்தது முழுவதையும் எழுதி இரண்டாவது மனுவையும் அனுப்பினேன். கடைசியில் மைத்துனன் பெயருக்குப் பதில் வந்தது, நகல் எனக்கு. கண்டெடுத்த தங்கத்தை இதுவரை ஒப்படைக்காததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆதாரம், அந்த யூடியூப் வீடியோ. மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நகல் என் கைக்குக் கிடைத்தது ஆடிப்பெருக்கு அன்று.