காந்தம் ஓய்ந்திருந்த நாள்

வங்காளி பாஷை எனக்கு எட்டே மாதத்தில் வந்துவிட்டது என்று நான் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அலிப்பூரில் நான்கு தமிழ்க் குமாஸ்தாக்கள் ஒரு வீட்டை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டோம். கத்தரிக்காய்க்குப் பேரம் பேச மற்ற மூவரும் என்னைத்தான் அனுப்புவார்கள். நானும் பெரிய பண்டிதன் மாதிரி கிளம்புவேன். அந்தத் திமிருக்கு ஒரு பெண் தன் கையைக் கொடுத்தாள். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

டிராம் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கார்டன் ரீச்சில், ஆற்றை ஒட்டி, நிலக்கரியை உடைத்துப் பொடியாக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. வேகனில் வரும் கரி அகலமான ஒரு பெல்ட்டில் ஏறி, உடைக்கும் இயந்திரத்துக்குள் போய் விழும். கரியோடு சுரங்கத்தில் உடைந்த குந்தாலி முனை, ரயில் ஆணி, சங்கிலித் துண்டு என்று கண்டதும் வரும். ஒன்று உள்ளே போனாலும் இயந்திரத்தின் பல் போய்விடும். அதற்காக பெல்ட்டுக்கு மேலே ஒரு மின்காந்தத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது பித்தளையை விட்டுவிடும். கரிக்கு அடியில் புதைந்து வரும் இரும்பும் சில சமயம் தப்பிவிடும். அவற்றைப் பொறுக்க பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெண் நிற்பாள்.

அவர்களில் ஒருத்தி சந்தால் என்னும் மலைஜாதிப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். இரும்பை அவள் கண்ணால் தேடமாட்டாள், காதால் கண்டுபிடிப்பாள். பெல்ட்டுக்கு அடியில் இருக்கும் உருளைகளைத் தாண்டும்போது கரி பொதபொதவென்று குலுங்கும். இரும்பு மட்டும் ‘ணங்’ என்று ஒரு சின்னச் சத்தம் போடும். அந்த இரைச்சலில் எனக்கு ஒருநாளும் அது கேட்டதில்லை. உன் காதையே மேலே தொங்கவிட்டிருக்கலாம், காந்தம் வாங்கியது தண்டம் என்று அவளைக் கேலி செய்வேன். மாத்ராஜி பாபுவுக்கு வேறு வேலையில்லை என்று சிரிப்பாள்.

காந்தம் வேலை செய்யாத நாட்களில் பெல்ட் பாதி வேகத்தில்தான் ஓட வேண்டும், இரண்டு பெண்களும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது சட்டம். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஒரு மழைக்காலத்தில் காந்தத்தின் கம்பிச்சுருள் எரிந்துபோயிற்று. இரண்டு நாள் பாதி வேகத்தில் ஓட்டினோம். கரி ஏன் நத்தை மாதிரி வருகிறது என்று எஞ்சினியர் துரை என்மேல் எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் காலை, ஆலையில் பழுதுபார்க்கும் வங்காளி மிஸ்திரியிடம் போனேன். அவர் ஏணியின் உச்சியில், வாய் நிறைய வெற்றிலையோடு நின்றிருந்தார். காந்தம் சரியாகிவிட்டதா என்று கத்திக் கேட்டேன். என்னவோ சொன்னார். இயந்திரமும் வெற்றிலையும் தின்றது போக என் காதில் விழுந்தது ஒரே சொல்: “கால்.”

வங்காளியில் நேற்றைக்கும் ‘கால்’தான், நாளைக்கும் ‘கால்’தான். கூட வரும் சொல்லை வைத்துத்தான் எது என்று தெரியும். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு பாஷை புரியவில்லை என்று ஆகிவிடுமே. நேற்றே சரிசெய்துவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பெல்ட்டை முழு வேகத்தில் விடச் சொன்னேன். எதிர்ப்பக்கத்துப் பெண்ணை வேகன் இறக்க அனுப்பிவிட்டேன்.

சந்தால் பெண் மேலே அண்ணாந்து பார்த்தாள்.

“பாபு, காந்தத்துல ஒண்ணுமே ஒட்டலையே?”

“இன்னிக்கு நல்ல கரி” என்றேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. குந்தாலி முனை ஒன்று எதிர்ப்பக்கத்து ஓரமாக வந்தது. அங்கே நிற்க வேண்டியவளை நான்தான் அனுப்பிவிட்டேனே. இவள் அதன் சத்தத்தைக் கேட்டு, பெல்ட்டின் குறுக்கே எட்டி அதை எடுத்து வெளியே எறிந்தாள். கையை இழுப்பதற்குள் அது பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் போய்விட்டது. பெல்ட்டை நிறுத்தியபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது.

மிஸ்திரி ஓடிவந்து, நாளைக்கு ஆகும் என்றுதானே சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். துரைக்கு அவர் பேச்சு புரியவில்லை. என் பக்கம் திரும்பி, ஓடும் பெல்ட்டில் கை வைக்கக்கூடாது என்பது இவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். சுவரில் பலகை இருக்கிறது, சார் என்றேன். இருந்தது, இங்கிலீஷில். அவள் அஜாக்கிரதை என்று துரை எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாகத் தோன்றியிருக்காது.

துர்கா பூஜை கழிந்து அவள் ஆலை வாசலுக்கு வந்தாள். கையைத் துணியால் சுற்றியிருந்தாள். எல்லார் எதிரிலும் என்னைச் சபிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பாபு, அன்னிக்கு அந்த இரும்பு மிஷினுக்குள்ள போகலையே?”

போகவில்லை என்றேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

“காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு பாபு. நான் கேட்டுச் சொல்றேன், வேற யாராச்சும் பொறுக்கட்டும். எப்போ வரட்டும்?”

அவளைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

“கால்” என்றேன்.

எந்தக் கால் என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் காலை தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே, தலையைப் படிய வாரி, இடது கையில் சோற்று மூட்டையோடு வாசலில் நின்றிருந்தாள். நான் சுற்றிக்கொண்டு ஆற்றுப்பக்கத்து வழியாக உள்ளே போனேன். அதற்கு மறுநாளும் நின்றாள். அதற்கப்புறம் எத்தனை நாள் வந்தாளோ எனக்குத் தெரியாது. அந்த ஆலையில் வேலை பார்த்த மட்டும் அந்த வாசல் வழியாக நான் போகவே இல்லை.