வேண்டாம் என்று சொல்லக்கூடாத செவ்வாய்க்கிழமை

மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலரை மணி. புருசெத்தில் சுரங்க ரயில் ஏறி, ஒஸ்லோ மத்திய நிலையத்தில் உள்ளூர் ரயிலுக்கு மாறினோம். அங்கிருந்து ஹவுகெட்டோ பத்து நிமிடம்தான். முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் லெய்லா அழைத்திருந்தாள். அவள் அசர்பைஜான்காரி. அவர்களுடைய வசந்தப் புத்தாண்டு நவ்ருஸ். அதற்கு முந்திய நான்கு செவ்வாய்களையும் கொண்டாடுவார்கள். இந்தக் கடைசிச் செவ்வாய்தான் பெரிது. அவர்கள் ஊரில் நவ்ருஸுக்கு நாள்கணக்கில் விடுமுறையாம். இங்கே எங்கள் தைப்பொங்கலைப் போல அதற்கும் லீவு கிடையாது.

ரயிலில் என் கணவருக்குப் புத்தி சொன்னேன்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு அங்கை நல்ல கதை மட்டும்தான் கதைக்க வேணும். ஆரும் ஒரு ஆசையை நினைச்சுக்கொண்டு கதவடியிலை நிண்டு கேப்பினமாம். முதல் காதிலை விழுற சொல்லுத்தான் பலன்."

"அப்ப நான் வாயே திறக்கேல்லை. நீர் பயப்பிடாதையும்."

முழங்கால் நோவு, மின்சாரக் கட்டணம், பனி என்று நாள் முழுக்கப் புறுபுறுக்கும் மனிதர். நான் நம்பவில்லை.

ஹவுகெட்டோவில் மாடிக் குடியிருப்பின் முற்றத்தில் நெருப்புத் தாண்டுதல் நடந்துகொண்டிருந்தது. பெரிய தீ மூட்டினால் அயலவர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று, ஒருமுறை பாவித்து எறியும் அலுமினிய கிரில் தட்டில் எரித்தார்கள். கவலைகள் நெருப்போடு போகட்டும் என்று லெய்லாவின் தங்கை ஐகூன் மூன்று தரம் தாண்டினாள்.

"அவளுடைய கணவன் ஊரில், பாகுவில்," என்றாள் லெய்லா. "குடும்ப விசாவுக்குக் காத்திருக்கிறாள். இரண்டாவது வருடம்."

நானும் யாழ்ப்பாணத்தில் அப்படிக் காத்திருந்தவள்தான்.

உள்ளே மேசை நடுவில் முளைவிட்ட கோதுமைத் தட்டு, சிவப்பு நாடா கட்டி. நவராத்திரிக்கு நாங்கள் முளைக்கப் போடும் தானியம் மாதிரியே. குங்குமப்பூச் சோற்றில் கஷ்கொட்டையும் உலர்ந்த அப்ரிகொட்டும். லெய்லா என் கணவரின் தட்டுக்கு மேல் அகப்பையை நீட்டினாள். இவரோ தட்டைக் கையால் மூடிக்கொண்டு, யாழ்ப்பாணத்து மரியாதை குறையாமல், வீடே கேட்க நோர்வேஜிய மொழியில், "நை, நை! வேண்டாம்!" என்றார்.

கதவு திறந்தது. கதவடியில் காது கொடுத்துக்கொண்டு ஐகூன் நின்றிருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

எனக்கு இவரைக் கிள்ளவேண்டும் போலிருந்தது. "ஐகூன், எங்கள் ஆட்கள் முதல் தரம் சொல்லும் 'வேண்டாம்' கணக்கில் வராது," என்றேன். "பசியில் செத்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். மறுபடி கேட்டால்தான் உண்மையான பதில்."

லெய்லாவின் கணவர், கதவடியில் நின்று இரண்டு தரம் பலன் கேட்பது முறையில்லை என்று முனகினார். லெய்லா அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். தங்கையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அகப்பையை மறுபடி நீட்டினாள்.

"யா!" என்று கத்தினார் இவர். "யா, தக்! ஆம், நன்றி! நிறையப் போடுங்கள்!"

அதோடு நிற்கவில்லை. கதவைப் பார்த்து, நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் சொன்னார்: "அவர் வருவார். என் மனைவியும் வந்தாள். கடிதப்பெட்டியைத் திறக்கவே பயந்து திரிந்தேன். ஆனால் வந்தாள்."

வெளியே ஐகூன் அழுவது கேட்டது. உள்ளே நானும் அழுதேன். பிறகு எல்லோரும் சிரித்தோம். இவர் மூன்று தட்டுச் சாப்பிட்டார்.

திரும்பும்போது ஹவுகெட்டோ மேடையில் குளிர் காதைக் கடித்தது.

"அந்தப் பிள்ளையின்ரை மனுசன் வாற அண்டைக்கு நாங்கள் கார் கொண்டு போவம்," என்றார். "உம்மை நான் எயார்போட்டிலை இருந்து பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு வந்தது எனக்கு இண்டைக்கும் வெக்கம்."

நாங்கள் பஸ்ஸில் வந்தது எனக்கு நினைவில்லை. தன் மேல்கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டு, வழி முழுக்க இவர் நடுங்கிக்கொண்டே வந்ததுதான் நினைவு.