தண்ணீர் கேட்காத செடிகள்

அமிர்தி சாலையோரம் ஞானமேரியின் வீட்டு வாசலில் நிற்கிற செடிகள் எல்லாம் அவள் மகன் பெல்வின் தேர்ந்தெடுத்து வைத்தவை. காகிதப்பூ, அரளி, பத்துமணிப்பூ, அடித்தண்டு குடம்போலப் பருத்த ஓர் அடினியம். போர்வெல் வற்றிப்போய், குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற வீட்டுக்கு வேறு எது தாங்கும்?

அது மட்டுமே காரணமில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் அவனுக்குச் செடி ஆசை வந்தது. வாரம் இரண்டு நாள் வேலூருக்கு பஸ் ஏறி டயாலிசிஸ் செய்துகொண்டு வருவான். நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எம்மா, இதுங்களுக்கு வாரத்துக்கு ஒருதபா ஊத்தினா போதும். மேல ஊத்தினா கெட்டுப் பூடும். என்னாட்டமே" என்று சிரிப்பான்.

"வாய மூடுடா" என்பாள்.

காலையில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்குக் கிளம்புமுன் அவன் பாட்டிலில் அளந்து ஊற்றிவைப்பாள். தனக்குத் தாகம் எடுத்தால் தம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்க் குடிப்பாள். அவன் கண்ணில் படக்கூடாது.

"வாயத் தொடச்சிக்கினு வாம்மா. ஈரமா கீது" என்றான் ஒருநாள்.

போன சித்திரையில் ஒரு சாயங்காலம் அரைத் தம்ளர் கேட்டான். அன்றைய அளவு தீர்ந்து பாட்டில் காலியாகியிருந்தது. "காலைல குடுக்கறேன் கண்ணு" என்றாள். விடிந்தபோது அவன் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளிலிருந்து ஞானமேரி செடிகளுக்கு ஊற்ற ஆரம்பித்தாள். காலையும் மாலையும். குழாய்த் தண்ணீர் போதாவிட்டால் அரிசி கழுவியது, தான் குளிக்கப் பிடித்துவைத்தது. மண் வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டால் அவளால் உள்ளே போக முடியாது. பத்துமணிப்பூ முதலில் அழுகியது. காகிதப்பூ பூவை மறந்து இலையாக நீண்டது. அடினியம் துவண்டதும் இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினாள். அவன் கடைசியாக வைத்தது அது. அதையாவது காப்பாற்றிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மஞ்சுளா வந்தாள். கண்ணமங்கலத்து நர்சரியில் வேலை செய்கிறவள். பெல்வினுக்குச் செடி கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். அடினியத்தின் அடியை அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

"இன்னாக்கா இது, சேறு கணக்கா கீது? தெனம் ஊத்துறியா?"

"வெயில்ல காயுதேடி."

"காயணும்க்கா. அது உள்ளயே தண்ணி வச்சிக்கினு கீது. நீ ஊத்தி ஊத்தியே சாவடிக்கிற."

"ஊத்தாமத்தான் ஒருத்தன அனுப்பிட்டேனே" என்றாள் ஞானமேரி.

மஞ்சுளா உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்தாள். செடியைப் பிடுங்கி, அழுகியதையெல்லாம் நல்ல சதை தெரிகிற வரை கத்தியால் சீவினாள். கையளவுதான் மிஞ்சியது. அதைக் கயிற்றில் கட்டி வாசல் கூரைக்கடியில் நிழலில் தொங்கவிட்டாள்.

"பத்து நாளு காயட்டும். பொறவு மணல்ல வெக்கலாம். அதுவரைக்கும் ஒரு சொட்டு கூடாது. பொழச்சா பொழைக்கும்."

மூன்றாம் நாள் தண்டு சுருங்கியது. ஐந்தாம் நாள் கடைசி இலையும் விழுந்தது. ஞானமேரி சொம்போடு எழுந்து வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

மத்தியானம் அவளுக்கு நா வறண்டது. தம்ளரில் மொண்டுகொண்டு வாயருகே கொண்டுபோனவள், வாசலில் தொங்குவதைப் பார்த்தாள். தம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். குடித்துவிட்டு, வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள்.