என் வாசலுக்கு வராத கம்பம்

கரண்டு கம்பங்களைக் கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டோடு நிறுத்திய புண்ணியவானே, அந்தக் கடைசி வீடு உங்கள் கண்ணில் படவில்லையா? அது என்னுடையது. நான் பார்க்கிற வயரிங் வேலை என்பது அடுத்தவன் வீட்டில் பல்பு எரிவதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிற தொழில். தாம்பரத்துக்குக் கிழக்கே மனை வாங்கி, கரண்டுக்கு அலைகிற என் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைப் பாட்டு

எனக்கு முந்தின அந்த வீடு டேவிட் வாத்தியாருடையது. வயரிங் நான்தான் செய்தேன். கூலியைக் குறைக்கப் பார்த்தார், நான் மசியவில்லை. அடுத்த மாதமே டி.வி. வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு என்றால் தெருவே அங்கேதான். என் பெண்டாட்டி பிள்ளைகள் முதல் வரிசை. அரிக்கேன் விளக்கோடு எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருப்பது? நானும் போய் வாசலில் நின்றேன். வாத்தியார் எழுந்து வந்தார். "ஏன் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க. நீங்க போட்ட பிளக்குலதான் ஓடுது."

லைன்மேன் தீர்ப்பு

வாத்தியார் வீட்டுக் கம்பத்திலிருந்தே எனக்கும் ஒயர் இழுக்கச் சொல்லி லைன்மேனிடம் மல்லுக்கு நின்றேன். நடுவில் இரண்டு காலி மனை. டீ வாங்கிக் கொடுத்தேன், சத்தம் போட்டேன், மறுபடி டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் நிதானமாகக் குடித்து முடித்தார். "இம்மாந் தூரம் இஸ்தா ஒயர் தொங்கும்ண்ணா. துணி காயப் போடத்தான் ஆவும்."

பொட்டு வைத்த கம்பம்

கரண்டு ஆபீசில் நான் போட்ட கூச்சலில் ஒரு வழியாக லாரி வந்து என் வாசலில் ஒரு கம்பத்தைத் தள்ளிவிட்டுப் போனது. பெண்டாட்டி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள். வாத்தியார் வீட்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் போனது. நடுவதற்கு ஆள் வரும் வரும் என்று ஆட்டை விரட்டி, மாட்டை விரட்டிக் காவல் காத்தோம். ஒருநாள் மேடவாக்கத்தில் வேலை முடித்துத் திரும்பினால் கம்பத்தைக் காணோம். அடுத்த தெருவுக்கு அவசரமாம், தூக்கிப் போய்விட்டார்கள்.

அந்தத் தெருவிலிருந்தே வயரிங்குக்குக் கூப்பிட்டார்கள். போனால் வீட்டு வாசலில் என் கம்பம், குங்குமத்தோடு நிற்கிறது. எரிச்சலில் கூலியை இரண்டு மடங்காகச் சொன்னேன். வீட்டுக்காரர் பேரமே பேசவில்லை. "கேட்டதையே வாங்கிக்கங்கண்ணா. ராசியான கம்பம் வந்திருக்கு. யாரோ பூஜையெல்லாம் போட்டு அனுப்பியிருக்காங்க."

ஊருக்கெல்லாம் விளக்கேற்றி நான் கண்டது அடுத்தவன் வாசலில் என் வீட்டுக் குங்குமம்தான் என்பதால், புண்ணியவானே, அது அழிவதற்குள் என் வாசலில் ஒரு கம்பத்தை நட்டுவிட்டு மறுவேலை பாருங்கள்.